எங்கள் கொல்லைத் தென்னைக்கு என்ன வந்தது?

2019-ம் வருஷம் கோடை விடுமுறைக்குச் சில தினங்களுக்கு முன்பு, ஒரு நாள் காலை, கொல்லையில் உலர்த்தியிருந்த என் வெள்ளை வேஷ்டியை என் மனைவி கொண்டுவந்து முன்னால் விரித்தாள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பேனாவை உதறினாற்போல் அதில் எங்கும் கறுப்புப் புள்ளிகள். தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது.

"உங்கள் தென்னை மரத்தின் வேலை இது. இனிமேல் வேஷ்டியை நீங்களே தோய்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மரம் நன்றாய்க் காய்க்கும் நாளில் அது 'நம்முடைய' தென்னையாயிருக்கும். ஏதேனும் பிழை செய்துவிட்டாலோ 'உங்கள்' தென்னையாகிவிடும். பிள்ளைகள் விஷயத்திலும் குடும்ப சம்பிரதாயம் இதுவே என்பதை நேயர்கள் அறிவார்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்று, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். ஆற்றங்கரை ஊராதலால் வீட்டுக்கு வீடு இரண்டு தென்னையாவது நிற்கும். எங்கள் கொல்லையில் அப்போது இரண்டு மரங்கள் இருந்தன. கிணற்றடியில் நிற்பது, நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷத்தில் என் தகப்பனார் நட்டது. மற்றொன்று இளையது. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் எங்கள் கரையில் ஏறியபோது, பழைய மரங்களில் ஒன்று வேரோடு சாய்ந்தது; அந்த இடத்தில் அடுத்த ஆண்டு நான் என் கையால் வைத்த கன்று அது. வேஷ்டிக் கறைக்குக் காரணமாயிருந்தது தகப்பனார் நட்ட மரந்தான். அண்ணாந்து பார்த்தேன். கீழ் மட்டைகள் அடுப்பங்கரைக் கூரையைப் போல் கன்னங்கரேலென்று இருந்தன. அடியிலிருந்த வாழையும் கொய்யாவுங்கூடக் கரி பூசிக்கொண்டு நின்றன. இளைய தென்னையோ பச்சைப் பசேலென்றிருந்தது. அதை நான் இரண்டாம் முறை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு கவனக் குறைவே.

அன்று மாலையே மருந்தடிக்கும் ஆள் ஒருவர் விசைத் தெளிப்பானோடு வந்து சேர்ந்தார். தெருவில் நாலு வீட்டுக்கு அடித்தாயிற்று என்றார்.

"என்ன பூச்சி இது?" என்று கேட்டேன்.

"எந்தப் பூச்சியா இருந்தா என்ன, வாத்தியாரய்யா? மூணு மருந்தையும் கலந்து அடிச்சுட்டா எது இருந்தாலும் போயிடும். அதுக்கும் போகலேன்னா வேரிலே மருந்து கட்டிடலாம்."

வேரில் மருந்து கட்டுவதென்பது தென்னைக்காரர்களுக்குப் பழக்கமான முறை. தென்னையின் இளவேர் ஒன்றைத் தோண்டியெடுத்துச் சாய்வாகச் சீவி, விஷ மருந்து நிரம்பிய சிறு பையினுள் அதை நுழைத்துக் கட்டிவிட்டால், மரம் அந்த விஷத்தை உறிஞ்சி உச்சிவரை கொண்டுசெல்லும். உச்சிவரை செல்வது இளநீருக்குச் செல்லாதா என்று கேட்கலாம். அதனால்தான் மருந்து கட்டிய பின் 45 நாட்கள் காய் பறிக்கலாகாது என்று விதி வைத்தார்கள். விதி சரி. ஆனால் அரையாண்டுத் தேர்வு என்று வருமென்றுகூட நினைவில் வைத்துக்கொள்ளாத பிள்ளைகள், எங்கள் கொல்லை மரத்தில் மருந்து கட்டிய தேதியை நினைவில் வைப்பார்களா? இதற்கு நெடுங்காலம் பயன்பட்டு வந்தது மானோகுரோட்டோபாஸ் என்னும் மருந்து. 2013-ம் வருஷம் ஜூலை மாதம் பீஹார் மாகாணத்துச் சாரண் ஜில்லாவில், ஒரு பள்ளிக்கூடத்தின் பகலுணவில் இதே விஷம் கலந்துவிட்டது. அதை உண்டு 23 குழந்தைகள் மாண்டார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று எங்கள் பள்ளிக்கூடத்துச் சோற்றுப் பானையைப் பார்க்கவே எனக்குப் பயமாயிருந்தது. அம்மருந்தைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்தலாகாதென்று 2005-லேயே தடை இருந்தது. பரவலாகப் புழங்கிய 36 சதவீத வகையின் பதிவை ரத்துச் செய்யும் ஆணை 2023-ல்தான் பிறந்தது.

ஆகவே, "இரண்டு நாள் பொறுத்துச் சொல்கிறேன்" என்று அவரை அனுப்பிவைத்தேன். அவருக்கு வருத்தந்தான். உண்மையைச் சொன்னால், அன்று என்னைத் தடுத்தது அறிவன்று, வெறும் பயம்.

* * *

மறுநாள் கரி பிடித்த கீற்று ஒன்றை அறுத்து, காகிதத்தில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். எட்டாம் வகுப்பில் பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, கறுப்பாய் இருக்கிறதே, இதுதான் பூச்சியா?" என்று கேட்டாள். எங்கள் தெருவில் பெரியவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

கறுப்பு, பூச்சியன்று. அது ஒருவகைப் பூசணம். நகத்தால் சுரண்டினால் காய்ந்த அப்பளம்போல் உரிந்து வரும். அடியில் இலை பச்சையாகவே இருக்கும். இனிப்பான பசை எங்கே சொட்டுகிறதோ, அங்கே அந்தப் பூசணம் வளரும். பசையைச் சொட்டுவது யார் என்பதைக் காண வேண்டுமானால் கீற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பினோம். அடிப்புறத்தில் பஞ்சு உதிர்ந்தாற்போல் வெண்மையான மெழுகுத் தூள். அதனிடையே மிகச் சிறிய வெள்ளை ஈக்கள். தட்டினாலும் சட்டென்று பறப்பதில்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருப்பவர்களைப் போல மெல்ல நகர்ந்துகொடுக்கின்றன. முட்டைகளை ஒழுங்கற்று இடாமல், சுருள் சுருளாக, கோலம் போட்டாற்போல் இட்டிருந்தன. இந்தச் சுருளைக் கொண்டுதான் இதற்குச் சுருள் வெள்ளை ஈ என்று பெயர் வழங்குகிறது.

இந்த ஈ நம் நாட்டுப் பூச்சியன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004-ல்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயரிட்டார்கள். 2009-ல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் தோன்றிற்று. 2016-ல் நமது பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் காணப்பட்டது. பிறகு சில ஆண்டுகளுக்குள் கடற்கரை நெடுகிலும் பரவிவிட்டது. எங்கள் ஊருக்குக் கடல் கடந்த விருந்தாளிகள் புதிதல்லர். அரியாங்குப்பத்து ஆற்றோரத்திலுள்ள அரிக்கமேட்டில் ரோமாபுரியின் மதுச் சாடிகள் வந்து இறங்கி இரண்டாயிரம் ஆண்டுகளாகின்றன. 1945-ல் வீலர் துரை தோண்டி அவற்றின் ஓடுகளை எடுத்துக் காட்டினார். சாடியோடு அன்று எந்தப் பூச்சி வந்ததோ, யார் கண்டார்கள்! கப்பலும் விமானமும் செல்லும் இடமெல்லாம், சீட்டு வாங்காமலே பூச்சியும் செல்கிறது.

பூதக்கண்ணாடியில் மற்றொன்றையும் கண்டோம். ஈயின் குஞ்சுகள் இலையோடு ஒட்டிய சிறு செதில்களாக இருக்கின்றன. அவற்றில் சில கருமை படர்ந்து, முதுகில் குண்டூசியால் குத்தினாற்போல் வட்டமான துளையோடு வெறுங்கூடாகக் கிடந்தன. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலை கீற்றும் கையுமாகக் குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். போனதால் விஷயம் விளங்கிற்று.

அந்தத் துளை ஒரு குளவி வெளியேறிய வாசல். குளவி என்றதும் கொட்டுவதை நினைத்து அஞ்ச வேண்டாம். என்கார்சியா என்னும் இந்தக் குளவி எள்ளிலும் சிறியது, மனிதரைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சினுள்ளே தன் முட்டையை வைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு, ஈக்குஞ்சை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாகி, முதுகைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அந்நிய நாட்டு ஈ வந்தபோது அதைத் தின்னும் இந்த எதிரியும் கூடவே வந்துவிட்டிருந்தது. நாம் அழைக்காமலே வந்த இரு விருந்தாளிகளில் ஒருவர் திருடர், மற்றவர் போலீஸ்காரர். மருந்தடிக்கும் நண்பரின் மூன்று கலவையும் முதலில் கொல்வது போலீஸ்காரரைத்தான். ஈயோ மெழுகுத் தூளைப் போர்த்துக்கொண்டு, இலையின் அடியிலே, நாற்பதடி உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அதில் தப்பிப் பிழைப்பவை, எதிரி இல்லாத ராஜ்யத்தில் முன்னிலும் அதிகமாகப் பெருகும். தெருவில் மருந்தடித்த நாலு வீடுகளிலும் இரண்டு மாதத்துக்குள் கரி திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

இப்படிச் சிறு குளவியால் ஒரு பெருங்கேடு தீர்ந்த கதை நம் மாகாணத்திலேயே உண்டு. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிற்று. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி முதலியவற்றையும் அது வெள்ளையடித்துவிட்டது. மருந்துக்கு மேல் மருந்தடித்தும் பலனில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அதன் எதிரிக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரில் பெருக்கி, தமிழ்நாட்டில் விட்டார்கள். அவற்றுள் அசெரோபேகஸ் என்னும் குளவி பரவி நிலைத்ததும் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது.

எங்கள் மரத்துக்கு நாங்கள் செய்ததெல்லாம் சொற்பந்தான். எட்டும் உயரத்திலிருந்த வாழை, கொய்யா இலைகளின் அடிப்புறத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினோம். மஞ்சள் நிறத்தைக் கண்டால் இந்த ஈ ஓடி வரும். ஆகையால் மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஆளுயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டினோம். வாரம் ஒருமுறை துடைத்து மீண்டும் எண்ணெய் பூசுவது பிள்ளைகளின் வேலை. கரி அதிகமான இலைகளில் மைதாக் கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழும். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மாவு போதும். குளவித் துளையுள்ள கீற்றுகளைக் கொளுத்தாமல் மரத்திலேயே விட்டுவைத்தோம். ஐப்பசி மழையில் மரம் பாதி வெளுத்தது. மறு வருஷம் கரி வந்தது. ஆனால் வேஷ்டியில் விழுமளவுக்கு வரவில்லை. காய்ப்புக் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். மரம் சாகவில்லை. வெள்ளை ஈயால் தென்னை சாவது அபூர்வம். அது அழுக்காக்கும், இளைக்க வைக்கும், அவ்வளவே.

* * *

கொல்வது வேறு பூச்சி. அது அழுக்குச் செய்வதில்லை. சத்தம் போடுவதும் வெளியே கேட்பதில்லை.

அதற்கு முன்னால் அதற்கு வழி திறந்துவிடுபவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் காண்டாமிருக வண்டு. கட்டை விரல் பருமனில், கறுப்புத் தோல் பெட்டி போன்ற உடம்போடு, தலையில் ஒற்றைக் கொம்பு. மழைக்கால இரவுகளில் விளக்கில் வந்து மோதிக் கீழே விழுந்து மல்லாந்து உதைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இவன் விரியாத இளங் குருத்தைத் துளைத்து உள்ளே போய்ச் சாற்றைக் குடிப்பான். குருத்து அப்போது மடித்த விசிறி போன்றது. மடித்த காகிதத்தில் ஓரத்தைக் கத்தரித்து, விரித்துப் பார்த்தால் வரிசையாக ஒரே மாதிரி வெட்டு விழுந்திருக்குமல்லவா? அதே போலத்தான், குருத்து விரிந்து மட்டையானதும் கீற்றுகளில் முக்கோணம் முக்கோணமாக வெட்டுக் காணப்படும். இந்த அடையாளத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். தெருவில் நின்றே, இந்த மரத்தில் வண்டு இருந்தது என்று சொல்லிவிடலாம். குருத்தடியில் சக்கை தள்ளியிருந்தால், வண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று அர்த்தம். கொக்கி போல் வளைத்த இரும்புக் கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும்.

மரத்தில் தின்றாலும் இவன் பிறப்பது மரத்தில் அன்று. எருக்குழியில், குப்பைமேட்டில், மக்கிப்போன தென்னங்கட்டையில் பிறக்கிறான். 'தானே' புயலில் சாய்ந்த எங்கள் மரத்தைத் துண்டு போட்டு, அதில் ஒரு துண்டைக் கிணற்றடியில் உட்காரும் ஆசனமாகப் போட்டுவைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து அதைப் புரட்டினால், அடியில் வில்லாய் வளைந்த கொழுத்த வெள்ளைப் புழுக்கள் ஒரு கூடை! காலை மாலை இரண்டு வேளையும் அவற்றின் மேலேதான் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். புயலடித்த வருஷத்துக்குப் பின் எங்கள் பக்கத்தில் வண்டுத் தொல்லை மிகுந்ததற்கு இப்படிக் கிடந்த கட்டைகளே காரணம் என்பது என் அபிப்பிராயம். அறுக்க முடியாத கட்டையைக் கொளுத்தியாவது தீர்த்துவிட வேண்டும். எருக்குழியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கிளறிப் புழுக்களைப் பொறுக்கினால் கோழிகளுக்கும் சந்தோஷம்.

எருவில் தூவுவதற்கு மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணத்தையும் வேளாண் இலாகாவினர் சிபாரிசு செய்கிறார்கள். இந்தப் பூசணத்துக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1879-ல் ருஷிய நாட்டில் கோதுமையை அழித்த வண்டின் புழுக்களில் இதைக் கண்டு ஆராய்ந்தவர் மெச்னிகாப். பிற்காலத்தில், 1908-ல், இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். பூச்சிக்கு நோயை உண்டாக்கி நமக்கு நன்மை தேடலாம் என்ற யோசனை அவ்வளவு பழையது. பஸிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுக்கு 1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகள் சென்றன; அவற்றோடு நமது காண்டாமிருக வண்டும் சென்று தீவின் தென்னைகளைச் சூறையாடிற்று. 1963-ல் ஹூகர் என்னும் ஜெர்மானியர் மலேயாவில் இந்த வண்டுக்கு வரும் ஒரு வைரஸ் நோயைக் கண்டுபிடித்தார். 1967-ல் அந்நோயைச் சமோவாவில் பரப்பிய பிறகே அங்கே சேதம் தணிந்தது.

வீட்டுத் தோட்டத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உச்சியிலுள்ள மூன்று மட்டையிடுக்குகளில், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்து நிரப்பலாம். இளங் கன்றானால், இடுக்குக்கு ஓர் அந்துருண்டை வீதம் வைத்து மணலால் மூடி, 45 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆமணக்குப் பிண்ணாக்கைத் தண்ணீரில் புளிக்க வைத்து மண்பானையில் தோட்டத்தில் வைத்தால், வாசனைக்கு வந்து வண்டுகள் அதில் விழும். வாசனை நமக்குச் சகிக்காது. பானையை வீட்டுக்குக் காற்று வீசும் திசையில் வைக்காதீர்கள்.

* * *

இப்போது இளைய தென்னைக்கு வருகிறேன்.

2019-ல் அதற்கு ஏழு வயது. முதல் பாளை விட்டிருந்தது. அதன் இரண்டு மூன்று மட்டைகள் மாடியில் வந்து உரசின. மரம் ஏறும் பெரியவர் தேங்காய் பறிக்க வந்தபோது, "அடியோடு ஒட்ட வெட்டிவிடுங்கள், மரம் பார்க்கச் சுத்தமாயிருக்கும்" என்று நான்தான் சொன்னேன். அவர் தயங்கினார். "கொஞ்சம் விட்டு வெட்டறதுதான் வழக்கம், வாத்தியாரே" என்றார். படித்தவன் சொன்னதால் வெட்டிவிட்டார். பச்சை மட்டையின் புது வெட்டிலிருந்து எழும் மணம் நம் மூக்குக்குத் தெரியாது. ஆனால் அந்த மணத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வருகிறது.

கூன்வண்டு செந்நிறமானது; யானைத் துதிக்கை போல் நீண்டு வளைந்த மூக்கு உண்டு. வெட்டுக் காயமோ, காண்டாமிருக வண்டு துளைத்த துளையோ கிடைத்தால் அதில் முட்டையிடும். அதன் புழுவுக்குக் கால் இல்லை, கால் தேவையுமில்லை. பிறந்த இடத்திலிருந்தே மரத்தின் உள்ளே தின்றுகொண்டு போக வேண்டியதுதான். மரத்தினுள்ளேயே நாரைச் சுற்றிக் கூடு கட்டி, வண்டாகி, இணைந்து, அங்கேயே மறுபடி முட்டையிடவும் செய்யும். ஆகையால் மேலே மட்டைகள் பச்சையாயிருக்க, உள்ளே மரம் கூழாகிக்கொண்டிருக்கும். ஐந்து முதல் இருபது வயது வரையிலான மரங்களை இது அதிகம் விரும்பும். எங்கள் மரம் சரியான வயதில் இருந்தது.

வெளியில் தெரியும் குறிகள் சில உண்டு. எல்லாம் எங்கள் மரத்தில் இருந்தன. தண்டில் சிறு துளை. அதிலிருந்து பழுப்பு நிறமாக ஒரு பிசின் வடிந்து காய்ந்திருக்கும். துளையின் வாயில் மென்று துப்பிய நார் தெரியும். வெற்றிலைச் சாறு வழிந்தது போலிருந்த அந்தக் கறையை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். யாரோ துப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டேன்! தண்டில் காதை வைத்துக் கேட்டால், உள்ளே 'கறுக் கறுக்' என்று மெல்லும் ஓசை கேட்கும். நான் காதை வைத்தது, நடுக்குருத்து வாடிச் சாய்ந்த பிறகு. ஓசை மிக நன்றாகவே கேட்டது. அதற்குப் பதினைந்து நாளில், காற்றே இல்லாத ஒரு பிற்பகலில், மரத்தின் கொண்டை முழுவதும் முறிந்து கொல்லையில் விழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அதற்குத் தெய்வத்துக்கு நன்றி.

வெள்ளை ஈ என்று கரி பிடித்த மரத்தையே சுற்றிச் சுற்றி வந்த நான்கு மாதமும், பச்சையாய் நின்ற மரம் பத்தடி தூரத்தில் செத்துக்கொண்டிருந்தது. முதல் பிசின் கண்டவுடன் தெரிந்திருந்தால், துளையைச் சுத்தம் செய்து மருந்திட்டு அடைத்துக் காப்பாற்றியிருக்க ஓரளவு வாய்ப்புண்டு. குருத்து சாய்ந்தபின் ஒன்றும் செய்வதற்கில்லை. மரத்தைப் பிளந்து கொளுத்துவதுதான் மற்ற மரங்களுக்குச் செய்யும் உபகாரம். பிளந்தோம். நாரால் சுற்றிய கூடுகளைப் பிள்ளைகள் எண்ணினார்கள். அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

1940-ல் சென்னை ஸர்க்கார் வெளியிட்ட டி. வி. ராமகிருஷ்ண அய்யரின் தென்னிந்தியப் பூச்சியியல் கையேட்டின் காலத்திலேயே இவ்விரு வண்டுகளும் பழைய பகைவர்கள். வெள்ளை ஈயைப் போல் நேற்று வந்தவர்களல்லர். கூன்வண்டு நம் பிரதேசத்துக்கே உரிய பூச்சி. அது இப்போது பெரிய தேசாந்திரியாகிவிட்டது. 1980-களின் நடுவில் அராபியப் பேரீச்சந் தோப்புகளை அடைந்தது. பிறகு எகிப்து, ஸ்பெயின். 2006-ல் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் ஏறி, அங்கே அழகுக்காக வளர்க்கும் பனை ஜாதி மரங்களை வீழ்த்தத் தொடங்கிற்று. பிரான்சுவா மார்ட்டேன் 1674-ல் புதுச்சேரியில் வந்து குடியேறினார். பதில் மரியாதைக்கு நம் பக்கத்து வண்டு 332 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்று எங்கள் சரித்திர உபாத்தியாயர் வேடிக்கையாகச் சொல்வார்.

இதற்கு இன்று கிடைக்கும் நல்ல கருவி இனக்கவர்ச்சிப் பொறி. ஆண் கூன்வண்டு தன் இனத்தை அழைக்க வெளிவிடும் மணத்தை ரசாயனசாலையில் செய்து சிறு உறையில் அடைத்து விற்கிறார்கள். ஓரத்தில் துளையிட்ட வாளியில் அந்த உறையைத் தொங்கவிட்டு, உள்ளே கரும்புத் துண்டோ அன்னாசித் தோலோ போட்டுத் தண்ணீர் ஊற்றிவைத்தால் வண்டுகள் வந்து விழும். ஒரு ஹெக்டேருக்கு ஒரு பொறி போதும். ஆகையால் வீட்டுக்கு ஒன்று வைப்பதில் பொருளில்லை. நம் வீட்டுப் பொறி பக்கத்துத் தெரு வண்டையெல்லாம் நம் கொல்லைக்கு அழைத்து வந்துவிடும். தெருவுக்குப் பொதுவாக ஒன்று, மரங்களுக்குச் சற்று எட்டி வைப்பதே முறை. இன்னொன்று, காயம் பட்ட இடத்தில் உடனே தார் பூசிவிட வேண்டும்.

தென்னைக்கு வேறு பகைவர்களும் உண்டு. அடி ஓலைகள் நெருப்பில் வாட்டியது போல் காய்ந்து, கீற்றின் அடிப்புறத்தில் நூலாம்படையும் எச்சமும் சேர்ந்த குழாய்கள் தென்பட்டால் அது கருந்தலைப் புழு. அதற்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை விடுகிறார்கள். குரும்பையின் தோடு ஓரத்தில் வெளுத்த முக்கோணம் தோன்றி, காய் பெருக்கப் பெருக்கப் பழுப்பாகி வெடித்திருந்தால் அது ஈரியோபைட் என்னும் சிலந்திப்பேன். பூச்சி ஜாதியே அன்று, கண்ணுக்கும் தெரியாது. 1998-ல் கேரளத்தில் காணப்பட்டு நம் பக்கம் வந்தது. காய் சிறுத்தாலும் உள்ளே பருப்புக்குக் குற்றமில்லை. சந்தையில் விலை போகாது, சட்னிக்கு ஆகும்.

மரம் ஏறும் பெரியவர் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். இளைய மரம் நின்ற இடத்தில், ஒரு வருஷம் குழியைக் காயவிட்டுப் புதுக் கன்று ஒன்று வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அவர் கிணற்றடி மரத்தில் ஏறியபோது, மேலிருந்து குரல் கொடுத்தார்: "வாத்தியாரே, மட்டை எவ்வளவு விட்டு வெட்டணும்?"

"நாலடி" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார். வெட்டுக்கத்தியின் ஓசையில் அதற்கு மேல் அவர் சொன்னது கேட்கவில்லை.